மனித உடலை வெண்கலத்தில் வார்ப்பது: மெழுகில் செய்து பார்த்த சோதனைகள்

மனித உருவம் ஒன்றை வெண்கலத்தில் வார்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, என்ன அளவு, எவ்வளவு கனம் என்பதைத்தான். என்ன உணர்வு, என்ன கருத்து என்பதெல்லாம் அப்புறம். சராசரி ஆள் ஒருவரின் தோல் பரப்பு ஏறத்தாழ 1.8 சதுர மீட்டர். அந்தப் பரப்பை 5 மில்லிமீட்டர் கனத்தில், உள்ளே பொள்ளலாக வார்த்தால் 80 கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வரும், அதாவது கிட்டத்தட்ட ஓர் ஆளின் எடைதான். அதே உருவத்தை உள்ளே கெட்டியாக வார்த்தால் 600 கிலோ. எடையைத் தூக்கிவிடலாம், அது பெரிய விஷயமில்லை. தடித்த இடம் மெதுவாக உறைகிறது, மெல்லிய இடம் சீக்கிரம் உறைகிறது, அங்கேதான் சிக்கல். உறையும்போது உலோகம் சுருங்கும், சுருங்கும்போது பக்கத்திலிருந்து உலோகத்தை இழுக்கும், இழுக்க அங்கே எதுவும் மிச்சமில்லை என்றால் தொடையிலோ தோளிலோ குழி விழும். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் பெரும்பாலும் கெட்டி வார்ப்புகள்தான். ஆனால் அந்த ஒடுங்கிய இடையும் மெலிந்த கைகால்களும் கொண்ட உடல்களை நம் உடம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள், எங்கே எவ்வளவு உலோகம் போகிறது என்பது தெரிந்த கை செய்த வேலை அது என்று புரியும்.

நான் முழு உருவம் வார்ப்பது குறைவு. முதுகு இல்லாத உடல்கள், தோளில் தொடங்கி இடுப்போடு கிழிந்து நிற்பவை, உள்ளே ஆளே இல்லாமல் துணி மட்டும் ஆள் வடிவத்தில் நிற்பவை, இப்படித்தான் என் வேலை. சோதனை முயற்சி என்கிறார்கள், சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தச் சோதனை முழுவதும் நடப்பது மெழுகில். உருவத்தை முதலில் மெழுகில் செய்து, அதன் மேல் அச்சு ஓடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அது விட்டுப்போன இடத்தில் உலோகத்தை ஊற்றுவதுதான் முறை. மெழுகு எத்தனை முறை வெட்டினாலும் ஒட்டினாலும் இடம் கொடுக்கும், பிடிக்கவில்லை என்றால் உருக்கி மறுபடி ஆரம்பிக்கலாம். உலோகம் மூசையில், அதாவது உருக்கும் பாத்திரத்தில், உருகி நிற்கும்போது நான் புதிதாக எதையும் செய்து பார்ப்பதில்லை, அங்கே எல்லாம் விதிப்படிதான். புதிதாக வருகிறவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கிறேன்: மெழுகைப் பயந்து பயந்து, சுத்தமாக, மாதிரியை அப்படியே ஒட்டிச் செய்துவிட்டு, வார்க்கும் நேரத்தில் 'வருவது வரட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். அதில் சில நேரம் அழகாக ஏதாவது வரும்தான். ஆனால் அடுத்த முறை அதை வரவழைக்க முடியாது, ஏன் வந்தது என்று சொல்லவும் முடியாது.

ஆளின் மேல் நேரடியாக அச்சு எடுப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அங்கேதான் தொடங்குகிறார்கள். கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட் தூளைத் தண்ணீரில் கலந்து உடம்பில் பூசினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். அதற்கு மேல் பிளாஸ்டர் கட்டுத்துணியை ஒட்டி விறைப்பாக்கி, கழற்றி, உள்ளே பிளாஸ்டர் ஊற்றினால் மயிர்க்கால் வரைக்கும் பதிந்திருக்கும். முதல் தடவை பார்க்கும்போது யாருக்குமே சிலிர்க்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பாருங்கள், தோல் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். ஈரமான ஆல்ஜினேட்டுக்கு எடை உண்டு, அது மார்பையும் வயிற்றையும் அழுத்தித் தட்டையாக்கிவிடுகிறது. கண் மூடியிருக்கும். அதைவிட முக்கியமானது நிற்கும் விதம். அசையாமல் நில்லுங்கள் என்று சொன்னதும் எல்லோரும் இரண்டு காலிலும் சமமாக எடையைப் போட்டு நிற்பார்கள். வாழ்க்கையில் யாரும் அப்படி நிற்பதில்லை. எடை ஒரு காலுக்குப் போகும், அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும், அதே பக்கத்துத் தோள் இறங்கும், தலை எங்கோ வேறு பக்கம் திரும்பி அதைச் சரிக்கட்டும். அச்சில் இவற்றில் எதுவுமே வராது.

இன்னொன்று, அளவு. மெழுகு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், வெண்கலம் உறைந்து ஆறும்போது நீளத்தில் ஒன்றரை சதவீதம் வாக்கில் சுருங்கும். இரண்டையும் சேர்த்தால் 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் சிலையாகும்போது நான்கு சென்டிமீட்டர் வரை குறைந்துவிடுவார். ஏற்கெனவே ஆளுயரச் சிலை கண்ணுக்கு ஆளைவிடச் சின்னதாகத் தெரியும், அதில் இதுவும் சேர்ந்தால் பரிதாபமாக இருக்கும்.

பிரெஞ்சுச் சிற்பி ரோடானின் 'வெண்கல யுகம்' சிலை 1877-ல் காட்சிக்கு வந்தபோது, இதை உயிருள்ள ஆளின் மேல் அச்செடுத்துத்தான் செய்திருக்கிறார் என்று குற்றம் சாட்டினார்கள். மாதிரியாக நின்றவர் ஓகுஸ்த் நெய்த் என்ற பெல்ஜியப் படைவீரர். அவரைப் புகைப்படம் எடுத்துக் காட்டி, என் சிலை வேறு, ஆளின் உடம்பு வேறு என்று ரோடான் வாதாட வேண்டியிருந்தது. கடைசியில் 1880-ல் பிரெஞ்சு அரசே அந்தச் சிலையை வாங்கியது. அச்செடுத்து வார்த்த ஒன்றைப் பக்கத்தில் வைத்து இதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு பொருத்தமில்லாதது என்று தெரியும். அச்சில் எடுத்த எதுவும் அப்படி மூச்சை இழுத்து நிற்காது.

அதனால் அச்செடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் எடுக்கிறேன், ஆனால் எனக்கு அது மூலப்பொருள்தான். எடுக்கிறவர்கள் சிலவற்றைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டரை நேரடியாகத் தோலில் கனமாகப் பூசவே கூடாது, இறுகும்போது அது 60 டிகிரி வரைக்கும் சூடாகும், உள்ளே மாட்டிய கைவிரல் வெந்துபோகும். மயிர் உள்ள இடத்தில் எல்லாம் வாசலின். முகம் எடுத்தால் மூக்குத்துளையை மூடாமல் விட்டுவிட்டு, வேறு வேலை எதுவும் செய்யாமல் மூச்சை மட்டும் கவனிக்க ஒருவர் நிற்க வேண்டும். முழங்காலை விறைத்துப் பூட்டிக்கொண்டு நிற்கும் ஆள் மயங்கி விழ வாய்ப்பு அதிகம், சாய்ந்துகொள்ள ஏதாவது இருக்கட்டும். அப்புறம், ஆல்ஜினேட் தண்ணீரை இழந்து சுருங்கிக்கொண்டே இருக்கும், கழற்றிய கையோடு பிளாஸ்டர் ஊற்றிவிடுங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள்.

பிளாஸ்டர் உருவம் கிடைத்ததும் அதன் மேல் சிலிகான் ரப்பரில் அச்சு. அந்த அச்சுக்குள் உருக்கிய மெழுகைத் தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, நான்கைந்து மில்லிமீட்டர் கனத்துக்கு ஓடுகளாக எடுக்கிறேன். கனம் சரியாக இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது வழக்கம், மெல்லிய இடத்தில் வெளிச்சம் கசியும், அங்கே உள்பக்கமாக இன்னொரு பூச்சு. மெழுகு ஆறி இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு இருக்கும் நேரம் ஒன்று உண்டு, பிசைந்த மாவின் பதம். அந்த நேரத்துக்குத்தான் நான் காத்திருப்பேன்.

காறை எலும்பு இருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிலிருந்து வந்த ஓட்டில் காறை எலும்பு ஒரு மேடாக, மேலிருந்து ஒட்டிவைத்தது மாதிரி தெரியும். ஓட்டை இடது கையில் ஏந்தி, உள்பக்கத்திலிருந்து கட்டைவிரலால், கழுத்துக் குழியில் தொடங்கித் தோள் வரைக்கும் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனால், வெளிப்பக்கத்தில் மயிர்க்கால்கள் விரிந்து மறைந்துபோகும், தோல் இழுபட்டு நிற்கும், எலும்பு உள்ளிருந்து எழுந்து வரும். விவரம் குறைகிறது, உடம்பு கூடுகிறது. விலா, முட்டி, இடுப்பெலும்பின் முன் முனை, பாதத்தின் மேல்பக்கம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். அழுத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைப் பார்க்கிறவரின் கண் பிடித்துவிடுகிறது, அவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

நிற்கும் விதத்தைச் சரிசெய்ய வெட்டத்தான் வேண்டும். சூடாக்கிய கத்தியால் இடுப்பில் ஒரு வெட்டு, கழுத்தில் ஒன்று, முழங்காலுக்கு மேல் ஒன்று. இடுப்புத் துண்டைக் கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் திருப்பி மறுபடி ஒட்டினால், ஒரு காலில் எடை விழுந்துவிடும். மேலே சொன்ன நான்கு சென்டிமீட்டரையும் இந்த வெட்டுகளிலேயே மெழுகு வளையம் வைத்து மீட்டுவிடலாம். ஒட்டிய தழும்பை நான் அழிப்பதில்லை. அழித்தால் உருவம் அச்சிலிருந்து அப்படியே வந்ததாகப் பொய் சொல்கிறது என்பது என் கருத்து, மற்றவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

முதுகைத் திறந்து விடுவதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. மூடிய பொள்ளல் உருவம் என்றால் உள்ளே கரு ஒன்றை நிரப்ப வேண்டும், மெழுகு போன பிறகு அந்தக் கரு நகராமல் இருக்க ஆணிகள் குத்த வேண்டும், கரு முழுக்கக் காய வேண்டும், வார்த்த பிறகு அதைச் சுரண்டி வெளியே எடுக்க வேண்டும். திறந்த மெழுகு ஓட்டுக்கு இதெல்லாம் தேவையில்லை, உள்ளும் புறமும் ஒரே அச்சுக் குழம்பு ஏறும், ஒரே மாதிரி காயும், ஒரே மாதிரி சூடேறும். தனியாகப் பட்டறை நடத்துகிறவருக்கு இது பெரிய விடுதலை. அதோடு, திறந்த பக்கத்தில் கட்டைவிரல் தள்ளிய தடங்கள் எல்லாம் அப்படியே வெண்கலத்தில் வந்துவிடும், எனக்கு முன்பக்கத்தைவிட அந்தப் பக்கம்தான் அதிகம் பிடிக்கும்.

துணி வேலைக்கு வருகிறேன். பிரெஞ்சு ஓவியர் தெகா செய்த 'பதினான்கு வயது நடனச் சிறுமி' 1881-ல் காட்சிக்கு வந்தபோது அது மெழுகுச் சிலை, நிஜத் துணிப் பாவாடை கட்டியிருந்தது. இன்று அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் வெண்கலப் பிரதிகள் அவர் இறந்த பிறகு வார்த்தவை, அவற்றிலும் பாவாடை துணிதான். நான் செய்வது அதற்கு எதிர்ப்பக்கம்: துணியை வெண்கலமாக்கி, ஆளை எடுத்துவிடுவது. பருத்தித் துணியை உருக்கிய மெழுகில் முக்கி, பிளாஸ்டர் உடம்பின் மேல் போர்த்தி, மடிப்புகளை விரலால் இழுத்துவிட்டு, இறுகியதும் கழற்றிவிட வேண்டும். பிறகு உள்பக்கமாக மெழுகு பூசிக் கனத்தைக் கூட்ட வேண்டும். துணி மட்டும் இருந்தால் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது, உலோகம் பாதி வழியிலேயே உறைந்துவிடும். மடிப்பின் அடிப்பகுதியை எப்போதும் கொஞ்சம் தடிமனாக விடுவேன், உலோகம் ஓடிப்போக அதுவே வழி.

துணி விஷயத்தில் மறக்கக் கூடாதது சாம்பல். மெழுகு உருகி வெளியேறிவிடும், துணி எரிந்து சாம்பலாக உள்ளேயே தங்கும். அது தங்கினால் அந்த இடத்தில் உலோகத்தில் ஓட்டை. காற்று நன்றாக உள்ளே போகும்படி விட்டு அச்சு ஓட்டை நீண்ட நேரம் சுட்டு, ஆறவைத்து, தலைகீழாகக் கவிழ்த்துக் காற்றடித்துச் சாம்பலை எடுத்து, அந்த ஓட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, வார்க்கும் நாளில் மறுபடி சூடேற்ற வேண்டும். செயற்கை நூல் கலந்த துணி வேண்டவே வேண்டாம், எரியும் புகையும் நஞ்சு, உருகி ஒட்டும் கசடும் தொல்லை.

வாய்க்கால்கள் பற்றி நிறையச் சொல்லலாம். உலோகம் உள்ளே போக மெழுகுத் தண்டுகள், காற்று வெளியே வர மெல்லிய குச்சிகள், மேலே ஒரு புனல், இவை எல்லாம் உருவத்தோடு சேர்த்தே மெழுகில் ஒட்டப்படும், வார்த்த பிறகு அறுத்து எறியப்படும். உருவத்தைச் செய்து முடித்துவிட்டு வாய்க்கால் எங்கே வைப்பது என்று யோசித்த வரைக்கும் எனக்கு அது தொல்லையாகவே இருந்தது. இப்போது உருவத்தைத் தொடங்கும்போதே உலோகம் எப்படி நுழையும், எங்கே பிரியும், எந்த மேட்டில் காற்று மாட்டிக்கொள்ளும் என்று வரைந்துவிடுகிறேன். இரண்டு பக்கத்திலிருந்து வரும் ஓட்டங்கள் ஆறிப்போய்ச் சந்தித்தால் ஒட்டாமல் ஒரு கோடு நிற்கும். அது முகத்தின் நடுவே விழுவதா, முதுகின் ஓரத்தில் விழுவதா என்பதை மெழுகிலேயே முடிவு செய்ய முடியும். சில உருவங்களில் வாய்க்கால்களை அறுக்காமல் விட்டிருக்கிறேன். தோளிலிருந்து கிளம்பித் தரையைத் தொடும் தண்டுகள், உருவத்தைத் தாங்கும் கழிகளாகவே நிற்கின்றன. ஒற்றைக் காலில் நிற்கும் உடலுக்கு அது நிஜமாகவே தேவைப்படுகிறது.

அச்சுக்கு நான் செராமிக் ஓட்டு முறையைத்தான் பின்பற்றுகிறேன். சிலிக்காக் குழம்பில் முக்குவது, மேலே நுண்மணல் தூவுவது, காயவிடுவது, மறுபடி முக்குவது, ஏழெட்டு அடுக்கு வரைக்கும். அடுக்குகளுக்கு இடையே நன்றாகக் காய வேண்டும், இதில் அவசரத்துக்கு இடமே இல்லை. மெழுகை வெளியேற்றும்போது மட்டும் எதிர்மாறு, மெதுவாகச் சூடாக்கினால் மெழுகு உருகுவதற்கு முன்பே விரிந்து ஓட்டைப் பிளந்துவிடும். ஏற்கெனவே நன்றாகச் சூடேறிய உலைக்குள் சட்டென்று வைத்தால், வெளிப்பரப்பு முதலில் உருகி வழிந்து, உள்ளே இருப்பது விரிய இடம் கிடைத்துவிடும். இன்னொரு எச்சரிக்கை: காய்ந்த சிலிக்கா மணலையும் ஓட்டையும் உடைக்கும்போது எழும் தூசு நுரையீரலைக் கெடுக்கும், அதற்கு மருந்து கிடையாது. சரியான முகமூடி, ஈரம் தெளித்து உடைப்பது, இரண்டும் கட்டாயம்.

உலோகம் என்று பார்த்தால், எனக்குப் பிடித்தது சிலிக்கான் வெண்கலம்: செம்பு 95, சிலிக்கான் 4, மாங்கனீசு 1 என்ற விகிதம். பழைய கணக்குப்படி வெண்கலம் என்றால் செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது, இதில் வெள்ளீயமே இல்லை. ஆனால் நன்றாக ஓடுகிறது, பற்றவைப்பும் (வெல்டிங்) சுலபம், ஈயம் கிடையாது. கண்ட பழைய உலோகத்தையும் போட்டு உருக்குவது சிக்கனமாகத் தெரியலாம். அதில் பித்தளை கலந்திருந்தால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வந்து படுக்கவேண்டியதுதான். மெழுகு உருவத்தை வாய்க்கால்களோடு சேர்த்து எடை போட்டு, அதைப்போல் பத்து மடங்கு உலோகம் எடுத்துக்கொள்ளுங்கள், புனலுக்குக் கொஞ்சம் கூடுதலாக. பாதியில் உலோகம் தீர்ந்தால் செய்வதற்கு எதுவும் இல்லை.

இத்தாலியச் சிற்பி செல்லினி, கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸின் சிலையை வார்த்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1554-ல் புளோரன்சில் திறந்துவைக்கப்பட்ட அந்தச் சிலையை வார்க்கும்போது உலோகம் உலையிலேயே கெட்டிப்பட ஆரம்பித்ததாகவும், வீட்டில் இருந்த வெள்ளீயக் கலவைத் தட்டுகளை எல்லாம் உள்ளே எறிந்து ஓடவைத்ததாகவும் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். வலது பாதத்தின் விரல்கள் பக்கம் மட்டும் சரியாக நிரம்பவில்லை என்றும் சொல்கிறார். படிக்க அருமையான பகுதி அது. வெள்ளீயம் சேர்ந்தால் உருகுநிலை இறங்கும், ஓட்டம் கூடும், அவர் செய்ததில் உலோக அறிவு இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு உலைமுன் வீரம் காட்ட ஆசைப்படாதீர்கள்.

எங்கள் வார்ப்பு நாளில் பேச்சே குறைவு. யார் எங்கே நிற்பது, மூசையை எந்த வழியாகத் தூக்கிப் போவது, சிந்தினால் எந்தப் பக்கம் விலகுவது என்பதை எல்லாம் முந்தின நாள் காலி மூசையை வைத்து நடந்து பார்த்துவிடுவோம். தரையில் காய்ந்த மணல், சிமெண்ட் தரையில் உலோகம் சிந்தினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும். தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிகிறது, அதனால்தான் கசடு வழிக்கும் கரண்டி, சேர்க்கப் போகும் உலோகக் கட்டி, இடுக்கி எல்லாவற்றையும் முதலில் சூடுகாட்டுகிறோம். தோல் மேலங்கி, முகக்கவசம், காலணிக்கு வெளியே விழும் கால்சட்டை, உடம்பில் செயற்கை நூல் உடை எதுவும் இல்லை. உலோகம் 1100 டிகிரிக்கு மேல் வந்ததும் கசடை ஒதுக்கினால் அடியில் ஆரஞ்சு நிறத்தில் கண்ணாடி போன்ற பரப்பு தெரியும். செராமிக் ஓடும் அதற்குள் உலையிலிருந்து சூடாக வெளியே வந்திருக்க வேண்டும், குளிர்ந்த ஓட்டில் மெல்லிய துணி மடிப்பு நிரம்பவே நிரம்பாது. ஊற்ற ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது, மெல்லிய தாரையும் கூடாது, புனல் எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். வெப்பத்தை அளவுக்கு மேல் ஏற்றினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு, ஏற்ற ஏற்ற உலோகம் வாயுவை உறிஞ்சும், பிறகு நுண்ணிய துளைகளாக அது வெளியே தெரியும். மெல்லிய உருவத்துக்கு ஓட்டைச் சூடாக்குங்கள், உலோகத்தை அல்ல.

ஓட்டை உடைத்து உருவத்தை எடுத்த பிறகு உள்ள வேலை நீளமானது, அலுப்பானது, ஆனால் அங்கே கெட்டுப்போன உருவங்கள் அதிகம். பற்றவைத்து அரத்தால் ராவி மழுப்பும்போது உடம்பின் எல்லா இடமும் ஒரே வழவழப்பாகிவிடும். பக்கத்துத் தோல் எப்படி இருக்கிறதோ அதே தடத்தைச் சின்ன உளியால் பற்றுக்கோட்டின் மேலும் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் அந்தக் கோட்டை மறைக்கவே மறைக்காதீர்கள்.

நிறம் ஏற்றுவதில் எனக்குப் பெரிய பாடம் ரியாசே வீரர்கள்தான். 1972-ல் இத்தாலியின் தெற்கே கடலுக்கடியில் கிடைத்த அந்த இரண்டு கிரேக்க வெண்கல உருவங்களுக்கு உதடும் முலைக்காம்பும் செம்பில், ஒருவருக்குப் பற்கள் வெள்ளியில். வெண்கலம் என்றால் ஒரே பழுப்பு என்ற எண்ணம் எனக்குப் போனது அதன் பிறகுதான். நான் வேறு உலோகம் பதிப்பதில்லை, ஆனால் கந்தகக் கரைசலின் கருமையும், இரும்பு நைட்ரேட் தரும் செம்பழுப்பும் உடம்பின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு அளவில் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். செம்பு நைட்ரேட்டின் பச்சை துணிக்கு நன்றாக இருக்கிறது, தோலுக்கு ஒத்துவரவில்லை. அறுத்து எடுத்த வாய்க்கால் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், அதே உலோகம் என்பதால் நிறம் சோதிக்க அவைதான் சரியானவை, நடுவே ஒரு பற்று வைத்து அதன் மேலும் சோதியுங்கள், பற்றுக்கம்பியில் நிறம் வேறாகப் பிடிக்கலாம். கடைசியில் உருவம் சூடாக இருக்கும்போதே மெழுகு தேய்ப்போம். வெளியில் நிற்கப்போகும் சிலை என்றால் வருடத்துக்கு ஒருமுறையாவது கழுவிக் காயவைத்து மறுபடி மெழுகு பூச வேண்டும், அதைச் சிலையை வாங்குகிறவரிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதியும் கொடுத்துவிடுங்கள்.